தஞ்சாவூர் கலைக்கூடத்தாருக்கு: வாரத்தில் ஒரு சாயங்காலம் கொடுங்கள்

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் கலைக்கூடத்தை நடத்திவரும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமையாக இருந்தால் ரொம்ப நல்லது, கலைக்கூடத்தை இரவு எட்டரை மணி வரை திறந்து வையுங்கள். முழுக் கலைக்கூடமும் வேண்டாம், செப்புத் திருமேனிகள் இருக்கும் பகுதி மட்டும் போதும்.

இந்த வருஷம் எங்கள் கல்யாண நாளை உங்கள் கலைக்கூடத்தில்தான் கொண்டாடினோம். நம் ஊரில் கல்யாண நாள் என்றால் காலையில் கோவிலில் ஓர் அர்ச்சனை, அப்புறம் இருவரும் வேலைக்கு ஓட்டம், ராத்திரி ஓட்டலில் சாப்பாடு, அவ்வளவுதான். என் மனைவிதான் சொன்னாள், மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டுக் கல்யாணசுந்தரரை, அதாவது கல்யாணக் கோலத்தில் நிற்கும் சிவன் பார்வதியை, பார்த்துவரலாம் என்று. போய் நின்றோம். சீர்காழி பக்கத்துத் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து வெளியே வந்த சிலைகள் அவை, பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சோழர் காலத்து வார்ப்பு. சிவன் தன் வலக்கையால் பார்வதியின் வலக்கையைப் பிடித்திருக்கிறார். பிடித்திருக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். இழுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. அவளோ தலையை லேசாகத் தாழ்த்தி, வெட்கமும் சம்மதமும் சேர்ந்த ஒரு நிலையில் நிற்கிறாள். கல்யாண ஆல்பத்தில் நம் எல்லாரிடமும் இப்படி ஒரு படம் இருக்கும், ஆனால் அந்த ஒரு நொடியை உலோகத்தில் பிடித்து ஆயிரம் வருஷம் நிறுத்தி வைக்கத் திருவெண்காட்டு ஸ்தபதிக்குத்தான் முடிந்திருக்கிறது. மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள் என்பதால் அதே போல் இன்னொன்று கிடையாது.

அப்புறம் ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன். சடையைத் தலைப்பாகை போல் சுற்றிக்கொண்டு, ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே வைத்து, காளைமேல் கையை ஊன்றியபடி நிற்கிறவர். காளை இப்போது இல்லை, கை மட்டும் காற்றில் தங்கியிருக்கிறது. அந்தக் குறை கண்ணில் படாத அளவுக்கு அந்த உடம்பில் அவ்வளவு சாவகாசம். இவர் 1011-இலும் பக்கத்தில் இருக்கும் தேவி அடுத்த ஆண்டு 1012-இலும் செய்து வைக்கப்பட்டார்கள் என்பதைத் திருவெண்காட்டுக் கோவில் கல்வெட்டுகள் சொல்கின்றன. இதை நான் சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "அப்போ ஒரு வருஷம் அவர் தனியாத்தான் நின்னிருக்காரா?" அதற்குப் பிறகு அங்கிருந்து நகரவே மனசு வரவில்லை. இருவரும் பேசவும் இல்லை, செல்போனை எடுக்கவும் இல்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் சேர்ந்து ஒன்றை இவ்வளவு நேரம் பார்த்தது எப்போது என்று யோசித்தால் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ராத்திரிச் சாப்பாடு சாதாரணச் சாப்பாடுதான். இட்லியும் அதற்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பாவும், அப்புறம் அசோகா அல்வா, கடைசியாக டிகிரி காபி. ஆனால் மேஜையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பால்காரர் கணக்கு, பையனின் ட்யூஷன் ஃபீஸ், அம்மாவின் மாத்திரை இதெல்லாம் வரவில்லை. அதே திருவெண்காட்டிலிருந்து எடுத்த அர்த்தநாரீஸ்வரர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார், அடுத்த வருஷம் அங்கே போகலாம் என்றேன். கைப்பிடித்தவர்கள் ஒரே உடம்பாக ஆகிவிட்டதைப் பார்க்கப் போகலாம் என்று அவள் அதைத் திருத்திச் சொன்னாள்.

இது எங்களுக்குக் கிடைத்தது லீவு போட முடிந்ததால். ஜவுளிக்கடையில் நிற்கிறவருக்கு, நர்ஸ் வேலை பார்க்கிறவருக்கு, கடை வைத்திருக்கிறவருக்கு யார் லீவு கொடுப்பார்கள்? தஞ்சாவூரின் வெயிலும் உங்களுக்குத் தெரியும். இந்த ஊர் வெளியே வருவதே சூரியன் இறங்கிய பிறகுதான். சாயங்காலம் பெரிய கோவில் பிரகாரத்தில், புல்தரையில் எத்தனை குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அங்கிருந்து அரண்மனை நடக்கிற தூரம்தான். அந்த நேரத்தில் கலைக்கூடம் திறந்திருந்தால் அவர்களில் பாதிப் பேராவது வந்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். எனக்குத் தெரிந்த தஞ்சாவூர்க்காரர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்ததோடு சரி, வெளியூரிலிருந்து சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்கள்தான் இந்தச் சிலைகளை அதிகம் பார்க்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நடக்காத காரியத்தையும் நான் கேட்கவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் வெள்ளி, சனிக்கிழமைகளில் இரவு 9 மணி வரை திறந்திருக்கிறது. அங்கே சோழர் காலத்துப் பார்வதி ஒருத்தி தனியாக நிற்கிறாள். அந்த ஊர்த் தம்பதி வேலை முடிந்து, சாப்பிடப் போகும் வழியில் அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம். காவிரிக்கரையில் பிறந்த சிலையை அவர்களால் ராத்திரி பார்க்க முடிகிறது என்றால் காவிரிக்கரையில் இருக்கிற நமக்கும் முடிய வேண்டும்.

பாதுகாப்பு என்று நீங்கள் சொன்னால் அது நியாயமான கவலை, அதை நான் லேசாகப் பேச மாட்டேன். ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருட்டுப்போய் ஆஸ்திரேலியா வரைக்கும் போய் 2014-இல் திரும்பி வந்ததை மறந்துவிட முடியாது. அதனால்தான் செப்புத் திருமேனிப் பகுதி மட்டும் போதும் என்கிறேன். ஒரே வாசல் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று வரம்பு போடுங்கள், பையை வெளியே வாங்கி வையுங்கள், கூடுதல் காவலர்களுக்கு ஆகும் செலவுக்குச் சாயங்கால டிக்கெட்டைப் பகல் டிக்கெட்டைவிட அதிகமாக வையுங்கள். சந்தோஷமாகக் கொடுப்போம். ஓட்டலில் இருவர் சாப்பிடும் செலவில் அது ஒரு சின்னப் பங்குதான். ஊழியர்களுக்கு மட்டும் அது வார லீவை விழுங்குகிற வேலையாக ஆகிவிடக் கூடாது. முறை வைத்து, கூடுதல் சம்பளத்தோடு இருக்கட்டும். முடிந்தால் கல்லூரியில் வரலாறோ சிற்பமோ படிக்கும் பிள்ளைகளில் ஒருவரை நிறுத்தி, அந்த 1011, 1012 கதையைப் பத்து நிமிஷம் சொல்ல வையுங்கள்.

எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் என் யோசனை, பங்குனி உத்திரத்தை ஒட்டி வரும் சனிக்கிழமை. ஊரெல்லாம் கோவில்களில் திருக்கல்யாணம் நடக்கும் சமயம் அது. அன்றைக்குத் தொடங்கி மூன்று மாதம் நடத்திப் பாருங்கள், எத்தனை பேர் வந்தார்கள், என்ன செலவானது என்று கணக்குப் பார்த்துவிட்டுத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள். முதல் சனிக்கிழமைக்கு நானும் என் மனைவியும் வருகிறோம். என் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், எங்களைவிட அவர்களுக்குத்தான் இது முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

அன்புடன்,
தஞ்சாவூரில் குடியிருக்கும் ஒருவன்