செயலாளரின் ஆண்டறிக்கை 2025: எல்லை தாண்டும் தாக்குதலும் எல்லை தாண்டும் உதவியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி இன்றைய பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவெடுத்தோம். அலுவலகங்களில் கணினியும் நெட்வொர்க்கும் பார்த்துக்கொள்ளும் நாம், ஃபயர்வால், பேக்கப், பாஸ்வேர்டு என்று நான்கு சுவருக்குள் நடப்பதை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதாது. தாக்குதல் வேறொரு நாட்டிலிருந்து வரும்போது அரசுகளும் நிறுவனங்களும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன, அதில் நமக்கு என்ன இடம் என்று ஓராண்டு முழுக்கப் படிப்போம் என்று முடிவு செய்தோம். இந்த ஆண்டு நடந்த 11 மாதக் கூட்டங்களில் 8 கூட்டங்கள் இதற்கே சென்றன. மற்ற மூன்றும் வழக்கமான பயிற்சி வகுப்புகள். அவற்றின் குறிப்புகள் பதிவேட்டில் இருப்பதால் இங்கே திரும்பச் சொல்லவில்லை.

ஆண்டின் தொடக்கத்திலேயே நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் அலுவலகமும் இங்கே இல்லை. ஒரு சனிக்கிழமை இரவு அவர்களுடைய சர்வர்களில் இருந்த கோப்புகள் எல்லாம், திறக்கப் பணம் கேட்டு மிரட்டும் நிரலான ரேன்சம்வேரால் பூட்டப்பட்டன. சர்வரின் பதிவுகளைப் பார்த்தால் தரவு வெளியே போய்க்கொண்டிருந்த முகவரி வேறொரு நாட்டில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனத்தின் புகார் முகவரிக்கு எழுதினார். தானியங்கிப் பதில் வந்தது. உரிய இடத்தில் புகார் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஓர் எண் கொடுத்தார்கள். ஞாயிறு மதியம் நம் துணைத் தலைவருக்குப் போன் செய்தார். துணைத் தலைவருக்கு முன்பொரு பயிற்சியில் பழக்கமான ஒருவர் அந்த நாட்டின் கணினி அவசரக் குழுவில், அதாவது இணையத் தாக்குதல் புகார்களைக் கையாளும் குழுவில் இருந்தார். அவர் மூலம் போன தகவலால் அன்று மாலைக்குள் அந்த சர்வர் முடக்கப்பட்டது. கோப்புகளைப் பழைய பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். நடுவில் இரண்டு வார வேலை போனது போனதுதான்.

அந்த ஒரு பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த ஆண்டு எல்லாக் கூட்டங்களிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

முதல் கூட்டத்தில் வரலாற்றைப் பார்த்தோம். 1988 நவம்பர் 2 அன்று மாரிஸ் புழு (கணினிக்குக் கணினி தானாகப் பரவும் நிரலைத்தான் புழு என்கிறோம்) இணையத்தை முடக்கியபோது யார் யாரைக் கூப்பிடுவது என்றே யாருக்கும் தெரியவில்லை. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் கணினி அவசரக் குழு. அடுத்த ஆண்டே இன்னொரு புழு நாசாவின் வலையமைப்புக்குள் புகுந்தது. அதற்குள் குழுக்கள் பல இருந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று பேச வழி இல்லை. அப்புறம் 1990இல் ஃபர்ஸ்ட் என்ற உலகக் கூட்டமைப்பு உருவானது. அரசுக் குழுவும் தனியார் நிறுவனத்தின் குழுவும் பல்கலைக்கழகக் குழுவும் அதில் சம உறுப்பினர்கள். யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருப்பதுதான் அதன் பலம். நம் உறுப்பினருக்கு ஞாயிற்றுக்கிழமை உதவியதும் இதே வகை அறிமுகம்தான்.

சட்டம் ஏன் தேவை என்பதற்கு 2000ஆம் ஆண்டு மே மாதத்து ‘ஐ லவ் யூ’ புழுவை எடுத்துக்கொண்டோம். அதை எழுதியவர் என்று சந்தேகிக்கப்பட்டவர் பிலிப்பைன்ஸில் இருந்தார். அந்நாட்டில் அப்போது அதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இல்லை. அடுத்த மாதமே சட்டம் வந்தது, ஆனால் முன்பு நடந்ததற்கு அது செல்லாது. வழக்கு கைவிடப்பட்டது. இரண்டு நாடுகளிலும் ஒரே செயல் குற்றமாக இருந்தால்தான் ஒருவர் இன்னொருவருக்கு உதவ முடியும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. 2001 நவம்பர் 23 அன்று கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட, இணையக் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கை இதைத்தான் சரிசெய்ய முயல்கிறது. ஒவ்வொரு உறுப்பு நாடும் 24 மணி நேரமும் வாரத்தின் ஏழு நாளும் பதில் சொல்ல ஒரு தொடர்பு மையம் வைத்திருக்க வேண்டும் என்ற அதன் விதியை, எனக்குத் தெரிந்தவரை, அந்த ஆவணத்தின் மிகப் பயனுள்ள பகுதி என்பேன். ஐரோப்பாவில் எழுதப்பட்டாலும் அமெரிக்காவும் ஜப்பானும் அதில் உண்டு. இலங்கை 2015இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை.

நான் அதிகம் கற்றுக்கொண்டது கான்ஃபிக்கர் என்ற புழுவைப் பற்றிய இரண்டு கூட்டங்களில். 2008 அக்டோபரில் விண்டோஸில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டது. நவம்பரில் புழு வந்தது. பேட்ச் போடாத கணினிகள் லட்சக்கணக்கில் விழுந்தன. புழு தன்னை எழுதியவனிடம் உத்தரவு கேட்க ஒவ்வொரு நாளும் 250 டொமைன் பெயர்களை (இணையதள முகவரிகளை)த் தானே உருவாக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். தாக்குபவன் அதில் ஏதேனும் ஒன்றைப் பதிவு செய்துவைத்தால் போதும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்து, அன்றன்றைய பெயர்களை முந்திக்கொண்டு தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் சிலர் சொந்தக் கைக்காசில் செய்தார்கள்.

2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டும், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகானும், பல பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்த கூட்டணி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. தாக்குபவன் சும்மா இருக்கவில்லை. புதிய வகை ஒன்றை விட்டான். அது நாளொன்றுக்கு 50,000 பெயர்களை, ‘.in’ போன்ற 110க்கும் மேற்பட்ட நாட்டுக் குறியீடுகளின் கீழ் உருவாக்கியது. இனி சில நிறுவனங்கள் மட்டும் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு நாட்டின் டொமைன் பதிவகத்தையும் தேடிப் பிடித்து, விளக்கி, சம்மதிக்க வைக்க வேண்டும். அதையும் சில வாரங்களில் செய்தார்கள். அந்தப் பெரும் படையைத் தாக்குபவன் கைக்குப் போகாமல் தடுப்பதில் கூட்டணி பெருமளவு வென்றது. விழுந்த கணினிகளைச் சுத்தம் செய்வதில் தோற்றது. பல ஆண்டுகள் கழித்தும் புழு உயிரோடு இருந்தது. பின்னால் எழுதப்பட்ட மதிப்பீட்டில், அரசுகளின் பங்கு மிகக் குறைவாக இருந்தது என்ற குறையும் உண்டு.

சரி, அரசும் முழுமையாக இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு குற்றக் கும்பல்கள் தீய நிரல்களைப் பரப்பப் பயன்படுத்திய அவலான்ச் என்ற சர்வர் வலையமைப்பை முடக்கி, 2016 நவம்பர் 30 அன்று முடிந்த நடவடிக்கையைப் பார்த்தோம். ஜெர்மனியில் ஒரு மாவட்ட வழக்குரைஞர் அலுவலகமும் போலீசும் 2012இல் தொடங்கிய விசாரணை அது. முடியும்போது 30 நாடுகள் சேர்ந்திருந்தன. ஐந்து பேர் கைதானார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட டொமைன் பெயர்கள் பறிக்கப்பட்டன, தடுக்கப்பட்டன அல்லது ஆய்வாளர்களின் சர்வர்களுக்குத் திருப்பப்பட்டன. கான்ஃபிக்கரில் தன்னார்வலர்கள் தட்டுத்தடுமாறிச் செய்த அதே வேலையை இங்கே நீதிமன்ற ஆணை, போலீஸ், தனியார் நிபுணர்கள் மூவரும் ஒரே நாளில் செய்தார்கள். ஆனால் அந்த ஒரு நாளுக்கு நான்கு ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. அதன் பிறகு 2021 ஜனவரியில் எமோடெட் என்ற தீய நிரல் வலையமைப்பு, 2024 பிப்ரவரியில் லாக்பிட் என்ற ரேன்சம்வேர் கும்பல் என்று இதே பாணியில் பல நடவடிக்கைகள் வந்துவிட்டன.

ஏப்ரல் கூட்டம் திட்டமிடாதது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கு 1999 முதல் உலகமே பயன்படுத்திவரும் சிவிஇ எண்களை மைட்டர் என்ற அமைப்பு அமெரிக்க அரசின் பணத்தில் நடத்திவருகிறது. அந்த ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 16 அன்று முடிகிறது, புதுப்பிப்பு உறுதியில்லை என்று அதற்கு முந்தைய நாள் செய்தி வந்தது. நம் குழுவில் அன்று இரவு முழுக்க யாரும் தூங்கவில்லை. கடைசி நேரத்தில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. ஓட்டைக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு பெயர் இல்லாவிட்டால், ஒரு நாட்டின் எச்சரிக்கை இன்னொரு நாட்டு நிறுவனத்துக்குப் புரியவே புரியாது. அப்படிப்பட்ட பொதுச்சொத்து ஒரே அரசின் ஒரே ஒப்பந்தத்தில் தொங்குவது எனக்குக் கவலையளிக்கிறது. மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் தன் ஓட்டைத் தரவுத்தளத்தைத் திறந்தது. மாற்று இருப்பது நல்லது, ஆனால் ஒரே ஓட்டைக்கு நான்கு பெயர்கள் வந்துவிடக் கூடாது.

செப்டம்பரில் நாமே ஒரு மேசைப் பயிற்சி, அதாவது தாக்குதல் நடந்ததாக வைத்துக்கொண்டு பேசிப் பார்க்கும் ஒத்திகை நடத்தினோம். மூன்று அணிகளாகப் பிரிந்தோம்: ஒரு நிறுவனம், ஓர் அரசுக் குழு, ஒரு வெளிநாட்டுக் குழு. தோல்விகளை மறைக்காமல் சொல்கிறேன். தொடர்புப் பட்டியலில் பாதி எண்கள் பழையவை. அதைவிட மோசம், ஆம்பர் என்று குறியிட்டு வந்த தகவலை ஓர் அணி பொது வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டது. தகவலை யாரோடு பகிரலாம் என்று நிறத்தால் குறிக்கும் போக்குவரத்து விளக்கு முறையை மீண்டும் நினைவூட்டுகிறேன். சிவப்பு என்றால் அந்த உரையாடலில் இருந்தவர்களோடு முடிந்தது. ஆம்பர் என்றால் நம் நிறுவனத்திலும் அதன் வாடிக்கையாளர்களிலும் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும். கூடவே ‘ஸ்ட்ரிக்ட்’ என்று இருந்தால் வாடிக்கையாளருக்கும் இல்லை. பச்சையை நம் துறைக்குள் பகிரலாம், பொதுவெளியில் போடக் கூடாது. யாரிடமும் சொல்லக்கூடியதற்கு 2022இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் வெள்ளை என்ற பெயர் போய் ‘கிளியர்’ என்று ஆகிவிட்டது. ஒரு முறை இதை மீறினால் அடுத்த முறை நமக்குத் தகவலே வராது.

ஐ.நா.வின் புதிய இணையக் குற்ற உடன்படிக்கை பற்றிய கூட்டத்தில் ஒருமித்த கருத்து வரவில்லை. 2024 டிசம்பர் 24 அன்று பொதுச்சபை ஏற்ற அது, 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. 40 நாடுகள் உறுதி செய்த பிறகே நடைமுறைக்கு வரும். புடாபெஸ்டுக்கு வெளியே நிற்கும் நாடுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் என்பது ஆதரித்தவர்களின் வாதம். தரவைக் கேட்கும் அதிகாரம் மிக அகலமாக இருக்கிறது, நல்ல எண்ணத்தோடு ஓட்டை தேடும் ஆய்வாளருக்கு உறுதியான பாதுகாப்பு இல்லை என்பது எதிர்த்தவர்களின் வாதம். மனித உரிமை அமைப்புகளும் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களும் இதே கவலையைச் சொல்லியிருக்கின்றன. என் மனம் இரண்டாவது பக்கம்தான்.

அதற்கு ஒரு காரணம், எண்ணற்ற மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்ஃபோர்ஜே என்ற நிரலில் வந்த ஓட்டை. 2021 நவம்பர் 24 அன்று சீன நிறுவனமான அலிபாபா கிளவுட்டின் பொறியாளர்கள் அந்த ஓட்டையை, அந்த நிரலைப் பராமரித்துச் சரிசெய்யக்கூடிய அப்பாச்சி குழுவிடம் தெரிவித்தார்கள். சரியான இடம் அதுதான். ஆனால் ஓட்டை தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொழில், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று சீனாவில் அந்த ஆண்டுதான் விதி வந்திருந்தது. தங்களுக்கு உடனே சொல்லவில்லை என்று அமைச்சகம் அந்நிறுவனத்தோடு தகவல் பகிர்வு ஒத்துழைப்பை ஆறு மாதம் நிறுத்திவைத்ததாகச் செய்தி வந்தது. சரிசெய்யப்படாத ஓட்டைகள் அரசிடம் குவிந்தால் அவை காக்கவும் பயன்படும், தாக்கவும் பயன்படும். 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய வான்னாக்ரை, அமெரிக்க உளவு அமைப்பிடமிருந்து கசிந்த ஒரு கருவியில் ஏறித்தான் வந்தது. கட்டாயமாகக் கேட்டு வாங்கும் அரசு, வாங்கியதைப் பாதுகாக்கவும் வேண்டும், கற்றதைத் திருப்பித் தரவும் வேண்டும்.

இந்தக் கருத்தை உரிய துறைக்கு நவம்பரில் கடிதமாக அனுப்பினோம். புகார் தருபவருக்கு, அந்தப் புகாரால் என்ன தெரியவந்தது என்று குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். நல்லெண்ண ஆய்வாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் கேட்டோம். நெதர்லாந்து 2013இலேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது; அமெரிக்க நீதித்துறை 2022இல் இப்படிப்பட்ட ஆய்வாளர்கள் மீது வழக்கு போடுவதில்லை என்று கொள்கை வகுத்தது; பெல்ஜியத்தில் 2023இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது. இவற்றைக் கடிதத்தோடு இணைத்தோம். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் மட்டும் வந்திருக்கிறது. நினைவூட்டல் ஒன்று போயிருக்கிறது.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. 2026 செப்டம்பர் 11 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மென்பொருள் போன்ற டிஜிட்டல் பொருள் விற்கும் தயாரிப்பாளர்கள், தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டையை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நம் உறுப்பினர்களில் சிலர் மென்பொருள் ஏற்றுமதி நிறுவனங்களில் இருப்பதால் ஜூனுக்குள் இதற்கு ஒரு வகுப்பு வைக்க வேண்டும். இன்னொன்று, தொடர்புப் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுச் சரிபார்ப்பது. இதற்கு நான்கு பேர் வேண்டும். இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டங்களுக்கு அரங்கு தந்த நண்பர்களுக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை தூக்கத்திலிருந்து எழுந்து நமக்கு உதவிய முகம் தெரியாத வெளிநாட்டு நண்பருக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். அதற்கு முன் இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும், பட்டியல் வேலைக்கு மீதி இரண்டு பேர் இன்றே முன்வருமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்