பாத்திரம் பேசுற கோபம்

ஆசிரியருக்கு வணக்கம். கோபத்த அடக்குன்னு சின்ன வயசுலருந்து எல்லாரும் சொல்லிட்டாங்க, அடக்குன கோபம் எங்க போகும்னு மட்டும் யாரும் சொல்லல. எங்க வீட்ல அது பாத்திரத்துக்குப் போச்சு. அம்மா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லமாட்டாங்க, டம்ளர் நங்குன்னு விழும், அன்னைக்கு குழம்புல உப்பு தூக்கலா இருக்கும், அப்பா பேசாம மோர ஊத்தி சாப்டுட்டு எந்திரிச்சிருவாரு. நானும் அப்படித்தான், ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்து புள்ளைங்க மேல பாயுறது.

தலகாணிய குத்துனா போயிரும்னு சொல்றாங்க, குத்திப் பாத்தேன், தலகாணி கிழிஞ்சதுதான் மிச்சம். 2024ல அமெரிக்காவுல ஓஹியோ ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 154 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து, கொட்டித் தீக்கிறதால கோபம் கொறையல, ஜாகிங் போனா கூட ஏறத்தான் செய்யுது, மூச்ச மெதுவா விடுறது, தசையத் தளத்துறது, தியானம் இதுங்கதான் படபடப்ப எறக்குதுன்னு சொல்லிருக்காங்க.

எனக்கு உதவுனது அதுக்கும் முன்னாடி ஒரு படி. "எனக்கு கோபமா இருக்கு, பத்து நிமிஷம் கழிச்சு பேசுறேன்"னு வாய்விட்டு சொல்லிடுறது. மொத தடவ புள்ளைங்க சிரிச்சாங்க, இப்ப சின்னவளே அத என்கிட்ட சொல்லிட்டு மாடிக்குப் போயிடுறா!

14416க்கு போன் பண்ணா டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி சேவைல தமிழ்லயே பேசலாம், இலவசம். இந்த நம்பர வாரம் ஒருக்கா போடுங்க சார், ராசிபலன் பக்கத்துல போட்டா கூட போதும்.

ஒரு வாசகி, மதுரை