‘250 வாட் மெட்டல் ஹாலைடுக்கு முழு மாற்று’ என்று விற்கப்பட்ட எல்.இ.டி. விளக்கு குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பவளத் தொட்டிக்கான 165 வாட் எல்.இ.டி. விளக்கின் பெட்டியிலும் துண்டறிக்கையிலும் உள்ள தவறான ஒப்பீடு. மின்தடைக்குப் பின் விளக்கு தன் அமைப்பை மறந்துவிடும் கோளாறு. பணத்தைத் திருப்பித் தருமாறு கோரிக்கை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் 165 வாட் எல்.இ.டி. விளக்கை என் கடல்நீர்ப் பவளத் தொட்டிக்காக வாங்கினேன். பெட்டியின் மேல், “250 வாட் மெட்டல் ஹாலைடுக்கு முழு மாற்று. அதே வளர்ச்சி, கூடுதல் நிறம்” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். நான் முன்பு பயன்படுத்திய, உலோக உப்புகளின் ஆவியில் ஒளிரும் பல்பு வகைதான் இந்த மெட்டல் ஹாலைடு. இந்த வாக்குறுதி பொய் என்பதை நான் அளந்து பார்த்த எண்களோடு ஏற்கெனவே உங்களுக்கு மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். “நீரின் தரத்தைச் சரிபார்க்கவும்” என்று மூன்று சொற்களில் பதில் வந்தது. அந்த மூன்று சொற்களுக்காகத்தான் இந்த நீண்ட கடிதம்.

எல்.இ.டி. மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. மெட்டல் ஹாலைடின் தொல்லைகளை உங்கள் விற்பனைப் பிரதிநிதியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நீர் சூடாகும், குளிரூட்டி தேவைப்படும், ஆவியாகும் நீரை ஓயாமல் ஈடுகட்ட வேண்டும். போட்டவுடன் முழு வெளிச்சம் வராது, அணைந்துவிட்டால் பல்பு ஆறும்வரை மறுபடி எரியாது. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை பல்பை மாற்றாவிட்டால் வெளிச்சம் குறைவதோடு நிறமாலையும் நகர்ந்துவிடும். உள்ளே பாதரசம் இருப்பதால் பழைய பல்பைக் குப்பைத் தொட்டியில் வீசவும் கூடாது. இருமுனை பல்பாக இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் எரிக்கவே கூடாது. நல்ல எல்.இ.டி. விளக்கின் கீழ் அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் செழித்து வளர்வதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே என் புகார் தொழில்நுட்பத்தின் மீது அல்ல. ‘முழு மாற்று’ என்று நீங்கள் அச்சிட்ட சொல்லின் மீது.

என் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. விளக்கை உங்கள் கையேடு சொல்கிறபடி நீர்மட்டத்துக்கு மேல் 25 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன். நீருக்குள் இறக்கக்கூடிய குவாண்டம் மீட்டரால், 30 சென்டிமீட்டர் ஆழத்தில், கட்டம் கட்டமாக ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் கதிர்வீச்சை அளந்தேன். நீல ஒளியைக் குறைத்துக் காட்டும் பழைய வகை சென்சார் அல்ல இது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஏறக்குறைய சமமாக எண்ணும் வகை. கீழே வரும் ஒளி அளவுகள் எல்லாம் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை, மைக்ரோமோல் கணக்கில்.

பழைய 250 வாட் ஹாலைடில் புதுப் பல்பு போட்டிருந்தபோது நடுவில் 330 இருந்தது. ஓரங்களில் எங்குமே 190க்குக் கீழே இறங்கவில்லை. உங்கள் விளக்கில் எல்லாச் சேனல்களையும் (தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய நிறப் பிரிவுகளையும்) 100 சதவீதத்துக்கு ஏற்றினால் நடுவில் 480, ஓரத்தில் 110. துண்டறிக்கையில் நீங்கள் பெருமையோடு போட்டிருப்பது அந்த நடு எண் ஒன்றை மட்டுமே. ஓரத்து எண் எங்கே? என் பவளங்களில் பெரும்பாலானவை நடுவில் இல்லையே.

அதுகூடப் போகட்டும். எல்லாச் சேனல்களையும் முழுதாக ஏற்றிப் பவளம் வளர்க்குமாறு நீங்களே சொல்லவில்லை. உங்கள் செயலியில் ‘பவள நிறம்’ என்று பெயரிட்டு நீங்கள் பரிந்துரைக்கும் நிரலில் வெள்ளைச் சேனல் 20 சதவீதத்தில்தான் ஓடுகிறது. அந்த நிரலில் அளந்தால் நடுவில் 310, ஓரத்தில் 70. ஹாலைடோடு ஒப்பிட ஓர் அமைப்பு, வாங்கியவர் பயன்படுத்த வேறோர் அமைப்பு. இரண்டும் ஒன்றல்ல என்ற விவரம் பெட்டியில் மட்டுமல்ல, கையேட்டிலும் இல்லை.

துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் லக்ஸ் கணக்கில் ஒரு பட்டை வரைபடம் இருக்கிறது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு ஏற்ப வகுக்கப்பட்ட அளவு. 555 நானோமீட்டர் பச்சைக்கு முழு மதிப்பு கொடுக்கும் அந்தக் கணக்கு, பவளத் தொட்டி விளக்குகளின் முதுகெலும்பான 450 நானோமீட்டர் நீலத்துக்கு அதில் ஏறக்குறைய நூற்றில் நான்கு பங்குதான் கொடுக்கிறது. நீலம் மிகுந்த எந்த விளக்கும் இந்த அளவுகோலில் தோற்றாக வேண்டும். ஆனால் உங்கள் வரைபடத்தில் இரண்டு பட்டைகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. வெள்ளைச் சேனலை முழுவதும் ஏற்றிவைத்து, லென்ஸுக்கு நேர் கீழே அளந்திருந்தால் ஒழிய அப்படி நிற்காது. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவூட்டும் நுண்பாசிக்குக் கண் கிடையாது என்பதை உங்கள் வரைகலைஞருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எண்களைவிடப் பவளமே தெளிவாகச் சொல்கிறது. ஹாலைடின் ஒளி அகன்ற பிரதிபலிப்பானில் பட்டுப் பல கோணங்களில் இறங்கும். கிளைகளுக்கு இடையிலும் அடிப்பகுதியிலும் ஓரளவு சென்று சேரும். உங்கள் விளக்கில் எல்லா டையோடுகளும் ஒரு சிறிய வட்டத்துக்குள் நெருக்கப்பட்டு, 60 டிகிரி லென்ஸ்களுக்குப் பின்னால் இருக்கின்றன. ஒளி ஒரே திசையிலிருந்து குத்துகிறது. மேல் கிளையின் நிழல் கீழ்க் கிளையின் மேல் அப்படியே விழுந்து கிடக்கிறது. என் அக்ரோபோராக் கொத்து ஒன்றில் விளக்கைப் பார்த்த பக்கம் வெளுத்தது. வளரும் நுனியில் இயல்பாக இருக்கும் வெண்மையைச் சொல்லவில்லை. பக்கம் முழுவதும் வெளுத்தது. அதே கொத்தின் அடிப்பகுதி முதலில் பழுப்பாகி, பிறகு திசு பின்வாங்கி, வெறும் சுண்ணாம்புக் கூடு தெரிந்தது. ஒளி மிகுந்தால் பவளம் பாசியை இழக்கும். குறைந்தால் கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடிக்கப் பாசி பெருகும், நிறம் பழுப்பாகும். இரண்டும் ஒரே கொத்தில், ஒரே நீரில், ஒரே காலத்தில் நடந்தன. நீரின் தரம் கெட்டிருந்தால் அது மேல்பக்கம், கீழ்ப்பக்கம் பார்த்துத் தனித்தனியாகவா கெடுக்கும்?

‘நீரைச் சரிபார்க்கவும்’ என்றீர்கள். வெப்பநிலை 25.5 டிகிரி செல்சியஸ். ஹாலைடை எடுத்ததும் நீர் குளிர்ந்துவிட்டது. ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும் என்று ஹீட்டரைக் கூட்டி அதே வெப்பநிலையில் நிறுத்தினேன். (நீங்கள் காட்டும் மின்சார மிச்சத்தில் ஒரு பகுதி அந்த ஹீட்டருக்கே போய்விடுகிறது. அதுவும் துண்டறிக்கையில் இல்லை.) கால்சியம் 420, மக்னீசியம் 1300, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05, எல்லாம் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில். குறையக் குறைய ஈடுகட்டி, காரத்தன்மையை 8 டி.கே.எச். (கார்பனேட் கடினத்தன்மையின் அலகு) அளவில் நிலையாக வைத்திருந்தேன். விளக்கு மாறுவதற்கு முன்னும் பின்னும் இவை ஒன்றுதான்.

மாறியது காரத்தன்மையின் நுகர்வு. பவளம் தன் கூட்டைக் கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்தே எடுக்கிறது. ஆகவே ஒரு நாளில் எவ்வளவு காரத்தன்மை குறைகிறது என்பதே தொட்டி முழுவதன் வளர்ச்சிக்கும் கிடைக்கும் மிக எளிய அளவு. ஒளிக்கும் கூடு கட்டுதலுக்கும் உள்ள தொடர்பு புதிய செய்தி அல்ல. கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு தாமஸ் கோரோ 1959இல் வெளியிட்ட ஆய்வுகளிலேயே, வெளிச்சத்தில் பவளம் இருட்டைவிட வேகமாகச் சுண்ணாம்பு படிய வைக்கிறது என்பது காட்டப்பட்டுவிட்டது. என் தொட்டியில் ஹாலைடின் கீழ் நாளொன்றுக்கு 2.1 டி.கே.எச். குறைந்துவந்தது. உங்கள் விளக்கின் கீழ் அது படிப்படியாக 1.2க்கு இறங்கி அங்கேயே நின்றது. பழைய ஹாலைடை மறுபடி மாட்டிய பிறகு இப்போது 1.7 வரை ஏறியிருக்கிறது. நீர் அதே நீர். உப்பு அதே உப்பு. ‘அதே வளர்ச்சி’ என்ற சொற்களுக்கு இந்த எண்களில் இடம் எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

உங்கள் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் இன்னொரு வாதம் வைத்தார். மொத்த ஃபோட்டான் எண்ணிக்கை முக்கியமல்ல, பாசிக்குப் பயன்படும் அலைநீளங்கள்தான் முக்கியம், உங்கள் விளக்கு அவற்றையே தருகிறது என்றார். பாதி உண்மை. பாசியிலுள்ள குளோரோபில் ‘ஏ’யும் ‘சி2’வும் நீலத்தை நன்றாக உறிஞ்சுகின்றன, பெரிடினின் என்ற நிறமி நீலத்திலிருந்து பச்சை வரை உள்ள ஒளியையும் அறுவடை செய்கிறது. 450 நானோமீட்டரைச் சுற்றிய ஒளி வீணாகாது என்பதை ஏற்கிறேன். ஆனால் எவ்வளவு பொருத்தமான அலைநீளமாக இருந்தாலும் அது நிழலுக்குள் போய்ச் சேராவிட்டால் என்ன பயன்? ஓரத்தில் 190 இருந்த இடத்தில் 70 கிடைக்கும்போது, அந்த எழுபதும் உயர்தரமானது என்று சமாதானம் சொல்கிறீர்கள். விளக்கை உயர்த்திக் கட்டுமாறும் அவர் சொன்னார். கட்டினேன். பரவல் சற்று மேம்பட்டது. நடுவில் இருந்ததும் குறைந்தது. கணிசமான ஒளி தொட்டிக்கு வெளியே சுவரில் விழுந்தது. என் சுவரில் பவளம் இல்லை.

அடுத்தது ‘கூடுதல் நிறம்’. இங்கே நீங்கள் இரண்டு வேறு விஷயங்களைக் கலந்து விற்கிறீர்கள். பவளத்தின் திசுவில் ஒளிரும் புரதங்கள் உண்டு. நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பித் தருபவை. நீலம் மட்டும் எரியும்போது அவை மின்னுவது கண்ணைப் பறிக்கும். பெட்டியில் இருக்கும் படம் அப்படி எடுத்ததுதான். பின்னணி முழுக்க நீலமாக இருப்பதிலேயே தெரிகிறது. ஆனால் ஒளிராத நிறப் புரதங்களும் உண்டு. இளஞ்சிவப்பு, ஊதா அக்ரோபோராக்களின் அழகு பெரும்பாலும் அவற்றால் வருவது. அவை பச்சை, மஞ்சள் பகுதியை உறிஞ்சி மற்றதைத் திருப்பி அனுப்புபவை. திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளியே வராவிட்டால் அவை இருண்டுதான் தெரியும். பாதரசத்தின் 436, 546, 578 நானோமீட்டர் கோடுகளோடு அகன்ற நிறமாலையும் தரும் 10,000 கெல்வின் நிறவெப்பநிலை கொண்ட ஹாலைடின் கீழ் என் ஊதாக் கொத்து ஊதாவாகவே இருந்தது. உங்கள் ‘பவள நிறம்’ நிரலில் அது கரும்பழுப்பு. நீல ஒளி இந்த நிறப்பொருள்கள் உருவாவதைத் தூண்டக்கூடியது என்பதும் உண்மைதான். ஆனால் உருவானதைப் பார்க்க ஒளி வேண்டும். படத்தை எந்தச் சேனல்கள் எரிய எடுத்தீர்கள், கேமராவில் வடிகட்டி பயன்படுத்தினீர்களா என்பதைப் படத்துக்குக் கீழேயே அச்சிடுவதில் உங்களுக்கு என்ன தடை?

இதுவரை சொன்னது விளம்பரம் பற்றியது. இனிச் சொல்வது பொருளின் குறை. புது விளக்குக்குப் பவளத்தைப் பழக்கக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். அதற்கென்றே உங்கள் செயலியில் ஒரு வசதி இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் மின்சாரம் போய் வந்தால் விளக்கு அந்த அமைப்பையும் நேரத்தையும் ஒருசேர மறந்துவிட்டு, எல்லாச் சேனல்களையும் 100 சதவீதத்தில் எரியவிடுகிறது. 40 சதவீதத்தில் பழகிக்கொண்டிருந்த பவளங்கள் ஒரு மின்தடைக்குப் பின், நான் வெளியே இருந்த நேரம் முழுவதும், முழு வீச்சில் வெந்தன. தாங்கக்கூடியதைவிட அதிக ஒளியில் பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதுபட்டு, தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகும். பவளம் அந்தப் பாசியை வெளியேற்றும். யூஃபிலியா என்ற பவளம் ஒன்று சுருங்கியது பிறகு விரியவே இல்லை. இதைத் திரும்பவும் செய்து காணொளி எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அப்படியே நடக்கிறது. உயிரினங்களுக்கு ஏற்படும் சேதம் உத்தரவாதத்துக்குள் வராது என்று உங்கள் விதி சொல்லலாம். தான் கற்றதை மின்தடையில் மறக்கும் கட்டுப்பாட்டுப் பலகை உத்தரவாதத்துக்குள் வருமா, வராதா?

‘50,000 மணி நேரம் பல்பு மாற்றவே வேண்டாம்’ என்பதைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. அந்த எண் பொதுவாகக் குறிப்பது, ஒளி தொடக்க அளவின் 70 சதவீதத்துக்கு இறங்க ஆகும் காலத்தை. மெல்ல மெல்ல பத்தில் மூன்று பங்கு ஒளியை இழப்பதற்கு ‘மாற்றவே வேண்டாம்’ என்று பெயரா? தவிர, விசிறி அவ்வளவு காலம் ஓடுமா என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை.

எனக்கு வேண்டியவை இவை. விளக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். மாற்று விளக்கோ அடுத்த கொள்முதலுக்கான தள்ளுபடிக் கூப்பனோ எனக்கு வேண்டாம். மின்தடைக் கோளாறை ஒப்புக்கொண்டு, இதே மாதிரியை வாங்கிய மற்றவர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய தொட்டிகளில் இது இன்னும் நடக்காமல் இருக்கலாம். ‘முழு மாற்று’ என்ற வரியைப் பெட்டியிலிருந்து எடுங்கள். எடுக்க மனமில்லையென்றால், எந்த உயரத்தில், எந்த ஆழத்தில், எந்த நிரலில், எவ்வளவு பரப்புக்கு மாற்று என்று கட்டம் போட்ட அளவீட்டோடும் ஒவ்வொரு சேனலின் நிறமாலையோடும் அச்சிடுங்கள். 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள சிறு தொட்டிக்கு இந்த விளக்கு தாராளமாகப் போதும் என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லி விற்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

இரண்டு விளக்குகளின் அளவீட்டுக் கட்டங்கள், காரத்தன்மைக் குறிப்பேட்டின் நகல், ஒரே வெள்ளைச் சமநிலையில் எடுத்த படங்கள், மின்தடைக் காணொளி, கொள்முதல் ரசீது ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். விளக்கு அதன் பெட்டியிலேயே, எல்லா உதிரிகளோடும் இருக்கிறது. எடுத்துச்செல்ல ஆள் அனுப்பும் நாளை எழுத்தில் தெரிவியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்