கிழிக்காத தேதித் தாள்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. பேத்திக்குக் காய்ச்சல், வீடே தலைகீழ். இப்போது தேவலை, நேற்று இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எக்ஸ்ரே எடுத்ததோடு நிறுத்திவிட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றதிலிருந்து ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது, தியானம் பழகலாமா, நீ போன முகாமில் எனக்கும் ஓர் இடம் பிடித்துக் கொடு என்று எழுதியிருந்தாய். இடம் பிடிக்க அது தீபாவளி ரயில் இல்லையடா. நான் போனது விபாசனா என்கிற தியான முறைக்கு; சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்தில் இருக்கும் அந்த மையத்துக்கு ஆன்லைனில் நீயே விண்ணப்பிக்க வேண்டும். பத்து நாள் சாப்பாடு, தங்கல் எதற்கும் கட்டணம் கிடையாது; முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். உடம்பு, மனசு, சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்பார்கள். தூக்க மாத்திரையை மறைக்காதே. டாக்டரைக் கேட்காமல் நீயாக நிறுத்தவும் செய்யாதே.

விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். போனை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பேச்சு கிடையாது, சைகையும் கூடாது. முதல் மூன்று நாள் மூக்கு வழியே மூச்சு போய் வருவதைக் கவனிப்பது மட்டும்தான். அடக்குவது, எண்ணுவது, மந்திரம் எதுவும் இல்லை. நாலாம் நாள்தான் உச்சி முதல் பாதம் வரை உடம்பைக் கவனிக்கச் சொல்லித் தருவார்கள். முதல் நாள் மதியமே பெட்டியைக் கட்டிவிடலாமா என்று யோசித்தேன்.

ஒன்று கேட்டால் சிரிப்பாய். இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா, ரங்கூனில் வியாபாரி. மைக்ரேன் தலைவலி தாங்காமல் 1955இல் ஊ பா கின் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். அந்தக் குரு யார் தெரியுமா? சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல்! அரசாங்கக் கணக்கு பார்க்கிறவர், நம்ம இனம். ஆபீஸ் ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். மார்ச் 31 அன்று பில் கட்டுகளுக்கு நடுவே நம் கருவூலத்தில் எவனாவது கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் நாம் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் போனதும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் வைராக்கியமாக உட்கார்ந்தேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ஒரு வளைகாப்பு, மறுநாள் அலுப்பு, அப்புறம் எட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. முகாமில் சமையல், மணி, அமைதி எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். இங்கே குக்கர் விசில் அடிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், முகாமுக்கு அப்புறம் போகலாம். இரண்டு மாதம் முதலில் உன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்.

நான் மறுபடி தொடங்கியபோது பதினைந்து நிமிஷம் என்று குறைத்துக்கொண்டேன், காலையில் மட்டும். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இடம். நாலாக மடித்த ஜமுக்காளம், அதன்மேல் பழைய இலவம்பஞ்சுத் தலையணை. இடுப்பு கொஞ்சம் உயர்ந்து முட்டி தாழ்ந்தால்தான் முதுகு தானாக நிமிரும். உனக்கு இந்தக் காலோடு சம்மணம் வேண்டாம். கை வைக்காத நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்கார், போதும்.

ஆனால் பாதி வேலை முந்தின ராத்திரியே நடக்கிறது. எட்டு மணிக்குள் சாப்பாடு. போனுக்குச் சார்ஜர் ஹாலில்தான், படுக்கை அறைக்குள் அது வரக் கூடாது. எழுப்புவதற்குப் பழைய சாவிக் கடிகாரத்தைத் தூசு தட்டி எடுத்தேன். அது போடும் சத்தத்தில் எதிர்வீட்டுக்காரரும் எழுந்துவிடுகிறார், பாவம். பால் பாக்கெட் விழுவதற்குள் உட்கார்ந்தாக வேண்டும். விழுந்துவிட்டால் காபி ஞாபகம் வந்துவிடும்.

உட்கார்ந்தால் என்ன வருகிறது என்று கேட்டாய். ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை. 1994இல் டேலி ஆகாத முப்பத்தேழு ரூபாய் வருகிறது. நாம் இரண்டு பேரும் இரவு ஒன்பது மணி வரை தேடினோமே, அதேதான். மூச்சுக்குத் திரும்புகிறேன், அது மறுபடி வருகிறது. ஒருநாள் அந்த லெட்ஜரின் சிவப்புக் காலிகோ முதுகுகூடத் தெரிந்தது. சில நாள் தூங்கி வழிகிறேன். "உட்கார்ந்து தூங்குறதுக்கு படுத்தே தூங்கலாமே" என்கிறாள் உன் தங்கச்சி. மூன்று மணி முழிப்பு எனக்கு இன்னும் வாரத்தில் இரண்டு நாள் உண்டு. எழுந்து கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு எல்.ஐ.சி. கணக்குப் போடுவது மட்டும் குறைந்திருக்கிறது.

விட்டுப்போகாமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து எழுந்த பிறகுதான் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பேன். வேறு யாரும் தொடக் கூடாது. இதனால் போன மாதம் சண்டை. நான் கிழிக்காமல் விட்ட செவ்வாய்க்கிழமைத் தாளில் ராகு காலம் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை நிச்சயதார்த்தத்துக்குத் தவறான நேரத்தில் கிளம்ப வைத்துவிட்டேன் என்று மாமியார் இன்னும் பேசவில்லை.

காய்ச்சல் களேபரத்தில் இந்த வாரம் நாலு தாள் சேர்ந்துவிட்டது. இன்று காலை உட்கார்ந்து எழுந்து மொத்தமாகக் கிழித்தேன். இந்தக் கடிதத்துக்குக் குறிப்பு எழுதியது அவற்றின் பின்பக்கத்தில்தான். முழங்காலைக் காட்டிவிட்டு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. அந்த முப்பத்தேழு ரூபாய் உனக்கு ஞாபகம் இருந்தால் அதையும் எழுது.

உன் பழைய பக்கத்து சீட்