கீச்சான் என்று சொல்லித்தந்த ஐயாவுக்கு

நம் பாலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஞாயிறன்று தூண்டில் போட்டபோது, விரல் நீள மீன் ஒன்று சிக்கியது. வெள்ளி உடலில் கறுப்புக் கோடுகள். மூவருக்கும் பெயர் தெரியவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து வேலூர் கொண்டுவந்தோம்.

மறுநாள் மீன் மார்க்கெட்டில் பலர் பார்த்துவிட்டு, "பொடி மீன்" என்று நகர்ந்தார்கள். ஐயா, நீங்கள் மட்டும் உங்கள் சங்கரா மீன் பையைக் கீழே வைத்துவிட்டு அதை உள்ளங்கையில் ஏந்தினீர்கள்.

"பிடித்தபோது சத்தம் போட்டதா தம்பி?"

போட்டது! வலியில் கத்துகிறது என்றே நினைத்திருந்தோம். காற்றுப்பையை அதிரவைத்து எழுப்பும் ஒலி அது என்றீர்கள். பிறகு மீனை முதுகுப்பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். பக்கவாட்டில் வில்லாக வளைந்திருந்த கோடுகள், மேலிருந்து பார்க்கையில் வளையத்துக்குள் வளையமாகத் தெரிந்தன. எத்தனை அழகு! கோடுகள் நேராக இருந்தால் அது இதன் உறவுக்கார இனம் என்பதையும் சொன்னீர்கள். செவுள் மூடியில் இருந்த முள்ளைத் தொடப்போன என் விரலையும் தடுத்தீர்கள்.

கீச்சான், அறிவியல் பெயர் டெராபான் ஜார்புவா. என் குறிப்பேட்டில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. குஞ்சுகள் முகத்துவாரங்களில் வளரும் என்ற வரியும் உங்களுடையதே.

பெயர் கேட்பதற்குள் ஆரணி பஸ் வந்துவிட்டது. மனமார்ந்த நன்றி, ஐயா.