மலைப் பிள்ளைகளுக்கு மாலை நேரம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் குறுவட்ட விளையாட்டுப் போட்டி முடிந்து பரிசு கொடுக்கும் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு வரியும் வந்துவிடுகிறது, பள்ளி விட்டதும் தினமும் ஒரு மணி நேரமாவது மைதானத்தில் பயிற்சி எடுங்கள் என்று சிறப்பு விருந்தினர் அறிவுரை சொன்னதாக. நல்ல அறிவுரைதான். ஆனால் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று அவர்கள் ஒருநாள் நின்று பார்த்தால் தெரியும். பஸ் நிறுத்தத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அதை விட்டால் அடுத்த பஸ் இருட்டின பிறகு, அதுவும் வந்தால் உண்டு. இறங்கின இடத்திலிருந்து வீட்டுக்குத் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அந்த நேரத்தில் காட்டெருமை மேய்ந்துகொண்டிருக்கும், கரடியும் இறங்கியிருக்கும். இருந்து விளையாடிவிட்டு வா என்று எந்த அம்மா சொல்வாள், சொல்லுங்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். சமவெளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டால் பையன் சாயங்காலம் தெருவிலாவது விளையாடிக்கொள்வான். இங்கே அந்த ஒரு பீரியட் போனால் அந்த வாரம் விளையாட்டே போச்சு. பாடம் முடியவில்லை, பொதுத்தேர்வு வருகிறது என்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் முதலில் வெட்டுவது அதைத்தான். உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோதே பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார், கைதட்டலும் வாங்கினார். கடன் வாங்குவது நின்றபாடில்லை. பெற்றோர்களும் சும்மா இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "விளையாட்டு சோறு போடுமா சார்" என்று கேட்பது நம் ஆட்கள்தான். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைச் சொன்னால், அதெல்லாம் நம்ம பிள்ளைக்கா கிடைக்கப்போகிறது என்று அடுத்த கேள்வி வரும்.

பீரியடைக் கடன் கொடுக்கப் பி.டி. சாரே இல்லாத பள்ளிகள் வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று இருக்கிறது. மலையில் எத்தனை நடுநிலைப் பள்ளியில் 100 பேர் சேருகிறார்கள்? பாதிப் பேர் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போயாயிற்று. முப்பது, நாற்பது பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கு விதிப்படியே பி.டி. சார் கிடையாது. அதே அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்றும் சொல்கிறது, அதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. 400 மீட்டர் ஓடுதளம் முழுசாகப் போடச் சுமார் நாலு ஏக்கர் சமதளம் வேண்டும். இங்கே நாலு சென்ட் சமமாகக் கிடைத்தால் அதில் வீடு கட்டிவிடுவோம்.

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம் சரிவை வெட்டிச் சமப்படுத்தியது. மேல்பக்கம் மண் சுவர், கீழ்ப்பக்கம் வேலி, வேலிக்குக் கீழே தேயிலை. கால்பந்து என்றால் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், அதோடு இரண்டு பொடியன்கள் வேலிக்குக் கீழே தேயிலைக்குள் நிற்பார்கள், பந்து உருண்டு வந்தால் மறித்து மேலே எறிய. அவர்கள் இல்லாவிட்டால் பந்து ஓடை வரைக்கும் போய்விடும். மழைக்காலத்தில் பந்து ஊறிக் கல் மாதிரி கனக்கும், மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல் போஸ்ட் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் ஆட வேண்டும். நூறு மீட்டர் நேராக ஓட அங்கே இடமே இல்லை, எண்பதில் திரும்பியாக வேண்டும். இப்படிப் பழகின பிள்ளை முதல்முறையாக மாவட்டப் போட்டியில் நேர்கோட்டில் ஓடுகிறது, அதுவும் வெறுங்காலில். ஜெயிக்கவில்லை என்றால் மலைப் பிள்ளைக்கு முயற்சி போதாது என்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு வெளியிலிருந்து ஓட்டக்காரர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, அங்கே தங்கிப் பழகினால் ரத்தத்தில் சிவப்பணு கூடும், கீழே இறங்கி ஓடும்போது மூச்சு தாங்கும் என்பது கணக்கு. அந்தக் காற்றையே பிறந்ததிலிருந்து சுவாசிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஓட ஒரு பீரியட் இல்லை.

கிளப் என்றாலே நீலகிரியில் வெள்ளைக்காரன் காலத்துப் பெருமை பேசுவார்கள். ஸ்னூக்கர் விதிகளை எழுதியது ஊட்டி கிளப்பில்தான், உண்மை. ஆனால் ஊருக்கு உதவின கிளப் எது என்று கேட்டால் நான் கேரம் போர்டும் ஒரு வாலிபால் வலையும் மட்டுமே சொத்தாக வைத்திருக்கிற எங்கள் இளைஞர் மன்றத்தைத்தான் சொல்வேன். 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அப்போது எங்கள் ஊர்ச் சாலை அடைத்துக்கொண்டபோது மண்வெட்டியோடு முதலில் வந்து நின்றது அந்த டீம்தான். யார் வீட்டில் யார் இருக்கிறார், யாரிடம் கயிறு இருக்கிறது, யார் பயப்படாமல் இறங்குவான் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை தோறும் சேர்ந்து ஆடினவர்கள் அல்லவா. கோடையில் ஹட்டிக்கு ஹட்டி, அதாவது படுகர் ஊருக்கு ஊர், டோர்னமென்ட் நடக்கும்போது வெளியூரில் வேலை பார்க்கிறவன் லீவு போட்டுவிட்டு வருகிறான். படுகர் வீட்டுப் பையனும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டுப் பையனும் ஒரே டீமில் ஆடுவதை நான் அங்கேதான் பார்த்திருக்கிறேன், வேறெங்கும் அவ்வளவு சகஜமாகப் பார்த்ததில்லை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே தொழிலாளருக்குப் பொழுதுபோக்கு வசதி செய்து தரவேண்டும் என்று எழுதிவைத்தது. எத்தனை எஸ்டேட்டில் அந்தக் கட்டடம் இன்னும் திறந்திருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்து உங்கள் பேப்பரில் எழுதலாம்.

ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டுப் பெட்டி, 33 வகைப் பொருள், நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சியில் அது அலுவலகத்துக்குள் இருக்கிறது, அலுவலகம் சனி ஞாயிறு பூட்டியிருக்கிறது, பையன்கள் விளையாடுவது சனி ஞாயிறில். சாவியை இளைஞர் மன்றத்திடம் கொடுத்து ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் முடிந்தது. பள்ளி மைதானத்து கேட்டும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டால் ஊர்ப் பையன்களே களை வெட்டி, கோடு போட்டு, வேலியையும் கட்டிக்கொள்வார்கள்.

எல்லாப் பிள்ளையும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜூன், ஜூலை மழையில் ஓடவும் முடியாது. அப்போதுதான் மன்றங்கள் வேண்டும். இலக்கிய மன்றம், வினாடி வினா, பசுமைப் படை எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன, அறிக்கைக்கு ஒரு போட்டோ எடுத்ததோடு சரி. செஸ் போர்டு நாலு வாங்கிப் போட்டால் ஒரு மழைக்காலம் ஓடிவிடும். எங்கள் டீமுக்கு ஸ்கோர் எழுதும் பெண்ணுக்குக் காலில் சிரமம், ஆடமாட்டாள். ஆனால் எந்த அம்பயரும் அவள் நோட்டைக் கேட்காமல் முடிவு சொல்வதில்லை. வகுப்பில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள், மேட்சில் அவள் போடும் அதட்டலை வந்து கேளுங்கள்.

ஆகவே கல்வித் துறைக்கு நான் வைக்கிற கோரிக்கை சின்னது. மலைப் பள்ளிகளில் விளையாட்டுப் பீரியடையும் மன்றப் பீரியடையும் மதியத்துக்கு முன்னால் வையுங்கள், மூடுபனியும் மழையும் பெரும்பாலும் அப்புறம்தான் வரும். பி.டி. சார் இல்லாத நாலைந்து சின்னப் பள்ளிகளைச் சேர்த்து ஒருவரைப் போடுங்கள், வாரத்தில் பள்ளிக்கொரு நாள் வரட்டும். அப்புறம் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு வார்த்தை. குறுவட்டப் போட்டி நடக்கிற நாட்களிலாவது ஐந்தரை மணிக்கு ஒரு பஸ் விடுங்கள். போன வருஷம் எறிபந்து இறுதி ஆட்டத்தில் எங்கள் பெண்கள் முன்னிலையில் இருந்தார்கள், பஸ் வந்துவிட்டது என்று பாதியிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், கோப்பை எதிரணிக்குப் போனது.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
கோத்தகிரி வட்டாரம், நீலகிரி.