ஆலோசனைப் பொறுப்பேற்ற கூட்டாளிக்கு

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே மழை விட்டபாடில்லை, மற்றபடி எல்லாரும் சுகம். அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன்னை மாணவர் ஆலோசனைக்குப் பொறுப்பாகப் போட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். பிள்ளைகளுக்கு என்ன அறிவுரை சொல்வது என்று கேட்டிருந்தாய். அறிவுரையைக் கொஞ்சம் தள்ளி வை. நாம் இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒரு காம்பராவில் சத்தம் போட்டால் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கும். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பேசியது பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். மனதில் இருப்பதை நம்பிச் சொல்ல லயத்துப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. அந்த இடத்தை உண்டாக்குவதுதான் நம் முதல் வேலை.

அதனால் ஆசிரியர் அறையில் வைத்துப் பேசாதே. தனி அறை கிடைக்காவிட்டால் நூலக மூலை போதும். ஆட்கள் பார்க்கலாம், பேச்சு கேட்கக் கூடாது. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. கொப்பிக் கட்டைத் தூக்கி வரச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்றை மட்டும் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடு: உன்னை யாராவது துன்புறுத்தினாலோ, உனக்கு நீயே ஏதாவது செய்துகொள்ள நினைத்தாலோ அதை என்னோடு மட்டும் வைத்திருக்க மாட்டேன் என்று. அதைக் கேட்ட பிறகும் பிள்ளைகள் பேசத்தான் செய்கிறார்கள். அப்படி ஏதும் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929 இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், இப்போதே போய் அறிமுகமாகிக்கொள். மனநல உதவிக்கு 1926. இரண்டு இலக்கத்தையும் பிள்ளைகள் பார்க்கிற சுவரில் எழுதிப் போடு.

அப்புறம், கேட்டு முடித்ததும் செய்ய வேண்டியது பெரும்பாலும் சின்ன ஏற்பாடுதான். தாய் வெளிநாட்டில், பாட்டிக்குக் கண் தெரியாது, தம்பி தங்கச்சிக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருகிற பையன் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது? பாட ஆசிரியரிடம் காரணத்தை விளக்காமலே, இடைவேளையில் எழுத விடுங்கள் என்று கேட்கலாம். பெற்றோரை வேலை நாளில் காலையில் வரச் சொல்லாதே, அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். அந்திக் கொழுந்தை எடை போட்ட பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ நீயே போ.

எனக்கு அதிகம் கவலை தருவது சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் நின்றுவிடுகிற பிள்ளைகள். 2016இலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம், ஆனாலும் கொழும்புக் கடைக்குப் போகிறேன் என்று ஒருவன் முடிவெடுத்தால் சட்டத்தைக் காட்டி நிறுத்த முடியாது. வரவு இடாப்பைப் பார். திங்கட்கிழமைகளில் வராதவன் யார், திடீரென்று கடைசி வாங்குக்கு மாறினவள் யார் என்று கவனி. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய பிறகு பேசிப் பயனில்லை.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். முழுப் பாடவேளைகளையும் தந்துவிட்டு ஆலோசனையையும் பார் என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் அந்தப் பொறுப்பு பெயருக்கு மட்டும்தான் இருக்கிறது. தவணை தொடங்கும்போதே அதிபரிடம் பேசி, கிழமைக்குச் சில பாடவேளைகளையாவது எழுத்தில் வாங்கிவிடு.

ஏப்ரல் லீவுக்கு வருகிறாய்தானே? நேரசூசியையும் கையோடு கொண்டுவா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் கூட்டாளி